இறங்கும் கையின் வழி

செம்பாட்டுத் தோட்டத்தைக் கொத்தும் உழவரை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அவர் மண்வெட்டி சற்றே சாய்ந்து உயரினும், குறித்த இடத்தில் நேராக வந்து விழுகின்றது. அதன் வழியை அவர் நடுவிற் திருத்துவதில்லை. இறங்கத் தொடங்கும் கணத்திலேயே அது அமைந்துவிடுகின்றது. இவ்வுண்மை விளையாட்டிற்கும் பொருந்தும்.

கோல்வ் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கொழும்பிலும் நுவரெலியாவிலும் இதற்கெனக் கழகங்கள் தோன்றின. இதிற் புதியவர்களை வருத்தும் குறை ஒன்றுண்டு. தடியை ஓங்கியதும் அவர்கள் தோளை முந்திச் சுழற்றுகின்றனர். அதனால் தடி வெளிப்புறமாக விலகி, பந்தைக் குறுக்கே வெட்டுகின்றது. வலக்கை ஆட்டக்காரர் அடித்த பந்து பெரும்பாலும் வலப்பக்கம் வளைந்தோடுகின்றது. தடி இறங்கும் காலமோ ஏறக்குறையக் கால் விநாடி. கண் கண்டு கை திருந்துவதற்கே அதிற் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆதலின் அடியின்போது திருத்த முயல்வது வீண். இடுப்பு முதலில் திரும்ப, கைகள் தாமாகத் தாழ்ந்து வருமாறு, மிக மெதுவாகப் பலமுறை பழகுதலே வழியாகும்.

நம் குடாநாட்டு மாணவர்க்குக் கோல்வ் தடியிலும் கிறிக்கெற் துடுப்பே நெருக்கமானது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் ‘வடக்கின் பெரும் போர்’ 1904ஆம் ஆண்டிலே தொடங்கியதன்றோ? துடுப்புக் குறுக்கே சென்று ஆட்டமிழந்த சிறுவனை நோக்கி, “நேராக அடி” என்று கூறுதல் எளிது. ஆனால், குறை பிறந்த இடம் வேறு. துடுப்பின் கீழே பிடித்த கை அவசரப்பட்டு இழுப்பதனாலேயே துடுப்புக் குறுக்கே போகின்றது. மேலே பிடித்த ஒரு கையால் மட்டும், மெல்லப் போடும் பந்தை நேராகத் தட்டிப் பழகினால், அந்தக் கை வழிநடத்தக் கற்றுக்கொள்ளும்.

அவுஸ்திரேலியாவின் டொன் பிரட்மன் துடுப்பை நேர் பின்னே உயர்த்தியவரல்லர். அவரது துடுப்பு ‘சிலிப்’ காவலர் நிற்கும் பக்கம் நோக்கியே உயர்ந்தது. எனினும் பந்தைச் சந்திக்கும் வேளையில் அது தக்க வழிக்கு வந்துவிடும். சிறுவயதில் அவர், தண்ணீர்த் தொட்டியின் அடித்தளத்திற் கோல்வ் பந்தை எறிந்து, அது தெறித்து வருகையில் விக்கெற் குச்சியால் அடித்துப் பழகினார். 52 ரெஸ்ற் ஆட்டங்களில் அவர் பெற்ற சராசரி 99.94 ஓட்டங்கள். ஓங்கும் அழகினும் இறங்கும் வழியே பெரிதென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பெற்றோரும் ஆசிரியரும் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். தவறிய அடியை மட்டும் கண்டு ஏசினால், தனக்கு ஆற்றலே இல்லையென்று எண்ணிச் சிறுவன் துடுப்பை மூலையிற் சாத்திவிடுவான். குறை அவன் ஆற்றலிலன்று, கை இறங்கத் தொடங்கும் அக்கணத்திலேயே உள்ளதெனக் காட்டினால், நாளையும் மைதானத்திற்கு வருவான். மாலையிற் பத்து நிமிடம் பந்து போட்டுக் கொடுக்க வீட்டில் ஒருவர் முன்வந்தாற் போதும்.