'ரெஸ்பெக்ட்' யாருடைய பாட்டு?

சோல் இசை ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வந்துவிடும். 'ரெஸ்பெக்ட்' ஓடிஸ் ரெட்டிங் பாட்டா, அரீத்தா ஃபிராங்க்ளின் பாட்டா?

எழுதி, 1965-இல் முதலில் பாடியவர் ஓடிஸ். சம்பாதித்துவிட்டு வீட்டுக்கு வரும் ஆண் தன் பெண்ணிடம் மரியாதை கேட்கிறான். நல்ல பாட்டுதான். 1967-இல் அரீத்தா அதையே பெண் கேட்பதாக மாற்றினார். நடுவில் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் பாடுகிறாரே, அது ஓடிஸிடம் கிடையாது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான். இத்தனை அதட்டலாக யாரும் எழுத்துக்கூட்டிக் கேட்டதில்லை! என் ஓட்டு அரீத்தாவுக்கே.

ஆனால் ரசிகர்கள் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் சாதாரண வானொலியில் பாட்டு ஒலித்தால் ராயல்டி எழுதியவர் தரப்புக்குத்தான். பாடியவருக்குச் சல்லிக்காசு கிடையாது. சட்டமே அப்படி. ஓடிஸ் அதே 1967 டிசம்பரில், 26 வயதில், விமான விபத்தில் போய்விட்டார். அவர் குடும்பத்துக்குப் பணம் போகட்டும், நியாயம்தான். பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோனவருக்கு 2018-இல் கண்மூடும்வரை அந்த வகையில் ஒன்றுமில்லையே?

யார் பெரியவர் என்று அடித்துக்கொள்ளும் அமெரிக்க ரசிகர்கள், தங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கு இதைப் பற்றி ஒரு கடிதம் எழுதலாம். சட்டத்தைத் திருத்த மசோதா பலமுறை வந்துபோனது. வானொலி முதலாளிகள் இன்னும் விடுவதாயில்லை.