தாய்ப்பலகையும் நம் மாணாக்கரும்

யூபிலி மலர்களிலே பழைய மாணவர் எழுதுங் கட்டுரைகள் பெரும்பாலும் தாம் படித்த காலத்து அதிபர்களையும், துடுப்பாட்ட வெற்றிகளையும், விடுதிச் சாப்பாட்டையும் பற்றியனவாக இருத்தல் வழக்கம். அவ்வழக்கிலே எமக்கும் விருப்பமுண்டு. ஆயினும் இம்முறை கல்லூரிக் கணினிக்கூடத்தின் பின்புறத்தேயுள்ள களஞ்சிய அறையைப் பற்றி எழுதப் புகுந்தோம்.

ஒருநாள் அவ்வறையைப் பார்க்க நேர்ந்தது. பன்னிரண்டு மேசைக் கணினிகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'பழுது' என்றெழுதிய தாள் ஒட்டப்பட்டிருந்தது. அவற்றுட் பல, கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவர் அனுப்பிய பணத்தில் வாங்கப்பட்டவை. திருத்துநர் ஒருவர் வந்து பார்த்து, "போட் போய்விட்டது, புதிது போடவேண்டும்" என்று கூறிச் சென்றனராம். 2022 ஆம் ஆண்டிலே டொலரொன்றின் விலை 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபின், இறக்குமதியாகும் தாய்ப்பலகையின் விலையும் உடன் ஏறிற்று. விலையைக் கேட்டோர் வேறொன்றுங் கேளாமல் கணினிகளை அறையிலிட்டுப் பூட்டிவிட்டனர்.

அச்சொல்லை ஆராயாது ஏற்றுக்கொண்டமைக்கு யாரையுங் குறைகூற யாம் முன்வரவில்லை. பெட்டியின் உள்ளே இருப்பதை ஒருநாளும் பாராதவர், உள்ளே பார்த்தவர் சொல்வதை நம்புவதன்றி வேறென் செய்வர்? எனினும் எமக்கு ஐயம் ஒன்றிருந்தது. தகவல் தொழினுட்ப ஆசிரியரின் இசைவுடன், உயர்தர வகுப்பு மாணவர் அறுவரைத் துணைக்கொண்டு, சனிக்கிழமைகளில் அப்பெட்டிகளைத் திறக்கலாயினோம்.

பன்னிரண்டில் ஐந்தனுக்கு நேர்ந்த நோய், நாணயமளவான பற்றறி ஒன்று தீர்ந்தமையே. சீ.ஆர். 2032 என்னும் அப்பற்றறி 20 மில்லிமீற்றர் விட்டமும் 3 வோல்ற்று அழுத்தமும் உடையது. ஒருவேளைச் சிற்றுண்டியின் விலைக்கு மேற்படாதது. கணினி மின்சாரமின்றி இருக்கும்போது, தாய்ப்பலகையிலுள்ள கடிகாரத்தை ஓடச்செய்வதும், பழைய பலகைகளிலே பயோஸ் அமைப்புகளை மறவாது காப்பதும் அதன் பணி. வீடுகளிலே கணினியின் வடம் எப்போதும் சுவரில் மாட்டியிருப்பதால், நிறுத்தி வைத்த நேரத்திலும் சிறிது மின்சாரம் பலகைக்குச் சென்று பற்றறியைத் தேயவிடாது காக்கும். நம் கூடத்திலோ மாலைதோறும் பிரதான ஆளியை அணைத்துவிடுகின்றனர். விடுமுறைக் காலத்திலே வாரக்கணக்கில் அணைந்தே கிடக்கும். ஆகவே பற்றறி விரைவிலே தீர்கின்றது.

தீர்ந்தபின் நிகழ்வதைக் கேளுங்கள். கடிகாரம் பல்லாண்டு பின்னே சென்றுவிடும். இணையத்தளங்கள் தம்மை இன்னாரென்று காட்டுஞ் சான்றிதழ்களுக்குத் தொடக்கமும் முடிவுமாகிய தேதிகள் உண்டு. கணினியின் தேதி பிழைத்தால் அச்சான்றிதழ் செல்லாததாகத் தோன்றும், பக்கங்கள் திறவா. உடனே "இன்ரநெற் இல்லை" என்பர். இன்னும் ஒரு தீங்குண்டு. வன்றட்டுடன் பலகை பேசும் முறையை முதலில் நிறுவியவர் ஏ.எச்.சி.ஐ. என்று வைத்திருப்பார். பற்றறி தீர்ந்தவுடன் அது தொழிற்சாலை வைத்தபடி மாறிவிடுவதுண்டு. அப்போது விண்டோஸ் எழும்ப மாட்டாது, நீலத்திரை காட்டி நின்றுவிடும். பற்றறியை மட்டும் மாற்றியவர் அந்நீலத்திரையைக் கண்டு, பலகையே போயிற்றென்று எண்ணுதல் இயல்பே. அமைப்பைப் பழையபடி திருப்பியதும் கணினி ஒன்றுமறியாததுபோல் எழும்பிற்று. மாணவர் கைதட்டினர். யாமும் தட்டினோம்.

எஞ்சியவற்றுள் மூன்றிலே றாம் தகட்டின் பொன்முலாம் பூசிய விளிம்புகளில் அழுக்குப் படிந்திருந்தது. உப்புக்காற்றும் சோளகம் கொணரும் புழுதியும் நம் குடாநாட்டிலே எதை விட்டன? பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்து மீண்டும் பொருத்தியதும் அவை இயங்கின. வேறொன்றிலே செயலிக்கு மின்சாரந் தரும் எட்டுமுனை இணைப்பு கழன்றிருந்தது. விசிறி சுழலும், விளக்கெரியும், திரையில் மட்டும் ஒன்றுந் தோன்றாது என்னும் அந்தப் புதிரை விடுவித்தவன், வகுப்பிலே வாய்திறவாத மாணவனொருவன். மூன்றிலே கொள்ளளவிகள் தலைவீங்கி வெடித்திருந்தன. திருத்துநர் கூற்று இம்மூன்றின் அளவில் மெய்யே.

இனி எமது கருத்தைச் சொல்லுகின்றோம். வெளிநாட்டுக் கிளைச் சங்கங்கள் அனுப்பும் பணத்தில், முத்திரையிட்டு மூடிய கணினிகளை வாங்குதல் இனி வேண்டா. உறுப்புகளை வாங்கி மாணவர் கையாலே பூட்டுவித்தல் வேண்டும். தாய்ப்பலகையைப் பாடநூலிலே படமாகக் காட்டி, உறுப்புகளுக்குப் பெயரிடுக என்று கேட்பதும், பல்தேர்வு வினாவிலே விடையைக் குறிக்கச் செய்வதும் கல்வியின் ஒருபாதிதான். 2013 இல் உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு தொடங்கியபோது கைவேலைக்கும் மதிப்பு வந்ததென்று மகிழ்ந்தோம். ஆயினும் அப்பிரிவிற் பயிலும் பிள்ளைகளிற் சிலர் பலகையொன்றைத் தொட்டறியாமலே பரீட்சைக்குச் செல்லுகின்றனர்.

பலகையைப் பூட்டுதல் பெருவித்தை அன்று, பொறுமை வேண்டும் வேலை. முதலில் பெட்டியின் இரும்பைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைக் கழித்தல் வேண்டும். பலகையிலுள்ள துளைகளுக்கு நேரே மட்டும் பித்தளைத் தாங்கிகளை முடுக்க வேண்டும். மிகையான தாங்கியொன்று பலகையின் அடியிலே தொட்டால் குறுஞ்சுற்று உண்டாகும். செயலியின் மூலையிலுள்ள முக்கோணக் குறியும் குழியின் குறியும் ஒத்திருந்தாலன்றி அதை வைத்தலாகாது, வைத்தபின் அழுத்துதலும் ஆகாது. வெப்பப் பசை கடலையளவு போதும். நான்கு றாம் குழிகளுள் இரண்டையே நிரப்புவதாயின், பெரும்பாலான பலகைகளில் செயலியிலிருந்து இரண்டாவதும் நான்காவதுமே உரியவை. அடுத்தடுத்து இட்டால் இயங்கும், ஆயின் இருவழிப்பாதை ஒருவழியாகிவிடும். பெட்டிக்குள் வைக்குமுன் பலகையை அது வந்த மட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து ஒருமுறை எழுப்பிப் பார்த்தல் நன்று. ஒரு சிற்றொலி கேட்டால் நலம். விடாது ஒலித்தால் பெரும்பாலும் றாமைப் பார்க்க வேண்டும். இற்றைப் பலகைகளிற் பலவற்றில் ஒலிக்குப் பதிலாகச் சிறு விளக்குகள் பிழை எங்கென்று காட்டும். பயோஸை மாத்திரம் மின்வெட்டு அஞ்சப்படும் நாளிலே புதுப்பித்தலாகாது. இடையிலே மின்சாரம் நின்றால் பலகை ஊமையாகிவிடும். 2022 மார்ச்சிலே ஒருநாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்ட நமக்கு, யூ.பி.எஸ். இன்றி அவ்வேலையிலே கைவைக்க வேண்டாமென்று அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

நம்மவருக்கு இது புதிய குணமுமன்று. 1990 இல் மின்சாரம் நின்று, பற்றறியும் எரிபொருளும் பொருளாதாரத் தடையால் வாராதொழிந்த காலத்திலே, துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர் நாம். ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்களைச் சிறிது பெற்றோலில் எழுப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓடச்செய்தவரும் நம்மவரே. அந்நாளில் பற்றறி ஒன்றுக்கு ஏங்கினோம். இந்நாளிலே கடைதோறும் கிடைக்கும் பற்றறியொன்றை மாற்றத் தெரியாது கணினியையே ஒதுக்குகின்றோம். இதனை எண்ணுந்தோறும் எமக்கு வெட்கமாகவே இருக்கின்றது.

மறுப்புரைப்போர் கூற்றையும் மறைத்தலாகாது. புதிதாக வாங்கிய பலகையொன்றைப் பூட்டுகையில், மாணவனொருவன் கையிலிருந்த செயலி நழுவிக் குழியிலே விழுந்தது. அக்குழியிலே 1700 நுண்ணிய ஊசிகள் உள. சில வளைந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியும் தையலூசியும் கொண்டு இரண்டு மணிநேரம் நிமிர்த்தினோம். ஒன்று ஒடிந்தது. பலகை எழும்பிற்று, ஆயின் றாம் குழிகள் இரண்டு இயங்கவில்லை. உத்தரவாதமும் போயிற்று. அவ்வாரமே குழுவில் ஒருவர், "பிள்ளைகள் கையிற் கொடுத்தால் இதுதான் நடக்கும், நிறுத்துங்கள்" என்றார். அம்மாணவன் அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அவன் வீடு சென்று அழைத்து வந்தோம். அதே செயலியை அதே குழியில் அவனே மீண்டும் வைத்தான். அப்பலகை பாதி நினைவகத்துடன் இன்றும் நூலகத்திலே வேலைசெய்கின்றது. இவ்விழப்பை யாம் சிறிதென்று கூறவில்லை. ஒரு பலகையின் விலை ஓர் ஏழை வீட்டிற்குப் பெரிது, கல்லூரிக்கும் பெரிதே. ஆயினும் அந்த ஒன்றுக்கு எதிரே, களஞ்சியத்திலிருந்து மீண்ட ஒன்பது நிற்கின்றன.

இப்போது வேறொரு நெருக்கடியும் வந்துவிட்டது. 2025 ஒக்ரோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 ரி.பி.எம். 2.0 என்னும் காப்பு வேண்டுமென்று கேட்கின்றது. கூடத்திலுள்ள கணினிகள் தகுதியற்றன என்றும், யாவற்றையும் மாற்றுதற்குப் பணம் திரட்ட வேண்டுமென்றும் பேச்சு எழுந்துள்ளது. மாணவர் பயோஸினுட் புகுந்து பார்த்தனர். இன்ரெல்லின் எட்டாந் தலைமுறைச் செயலிகளையும் அதற்குப் பிந்தியவற்றையும் கொண்ட பலகைகளிலே அக்காப்பு இருக்கின்றது. அணைத்து வைக்கப்பட்டுள்ளது, அவ்வளவே. அதைத் திறந்து, யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் நிறுவினால் போதும். அதற்கு முந்தியவற்றிலே லினக்ஸை இட்டு இன்னுஞ் சில ஆண்டு ஓட்டலாம். பணந்திரட்டத் தொடங்குமுன், எவை உண்மையாக மாற்றற்குரியன என்னும் பட்டியலை மாணவரே தரட்டும் என்பது எம் கோரிக்கை. வருகின்ற பொதுக்கூட்டத்திலே இதனைப் பிரேரணையாகக் கொணர்வோம்.

கொள்ளளவி வீங்கிய மூன்று பலகைகளும் இன்னும் அவ்வறையிலேயே இருக்கின்றன. புதிய கொள்ளளவிகளை வாங்கி வைத்திருக்கின்றோம். ஈயம் உருக்கி ஒட்டும் வேலையில் கைதேர்ந்த பழைய மாணவர் எவரேனும் ஊரில் இருப்பின், சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கணினிக்கூடத்திற்கு வரலாம். மாணவர் அறுவரும் அங்கிருப்பர்.