வீதியும் வீடும்

வீதி ஊரார்க்குப் பொது. வீடு அதில் வாழ்வார்க்கே உரியது. இரண்டிற்கும் இடையே எல்லையாய் நிற்பது வாயிற்படி. அழையாமல் அதனைக் கடத்தல் பண்பன்று என்பதை யாவரும் அறிவர். ஆயினும், காலால் கடவாமல் கண்ணால் கடக்கும் கருவிகள் இன்று பெருகிவிட்டன. அவற்றிற்கும் ஓர் எல்லை வேண்டும்.

தெருக்களைப் படமெடுத்து இணையத்தில் காட்டும் பணியைக் கூகுள் நிறுவனம் 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கியது. படக்கருவிகளை உச்சியில் தாங்கிய கார்கள் தெருத்தெருவாகச் சென்றன. புதிய ஊருக்குச் செல்வோர்க்கு இப்படங்கள் நல்ல வழிகாட்டி என்பதில் ஐயமில்லை. எனினும், 2010ஆம் ஆண்டு ஜெர்மனியின் 20 நகரங்களில் இப்பணி தொடங்குமுன், தம் வீட்டை மறைத்துக் காட்டுமாறு ஏறத்தாழ 2,44,000 வீட்டார் விண்ணப்பித்தனர். அவர்கள் விருப்பப்படியே அவ்வீடுகள் மங்கலாக்கப்பட்டன. அதனைப் பொறாத சிலர், எஸ்ஸன் நகரில் அத்தகைய வீடுகள் சிலவற்றின்மீது முட்டைகளை எறிந்தனர். தனிமையை விரும்புதலும் குற்றமாயிற்றுப் போலும்!

வீதியில் நிற்போர் எவரும் காணக்கூடியதை மறைப்பது எதற்கு என்று கேட்போர் உளர். வழிப்போக்கன் பார்வை நொடியில் கழிவது. அவனை வீட்டாரும் காண்பர். இணையத்தில் ஏறிய படமோ நிலைத்து நிற்பது. முகவரி ஒன்றே கொண்டு எந்நாட்டிலிருந்தும் அதனைக் காணலாம். காண்பவர் நல்லவரோ தீயவரோ, வீட்டார் அறியார். மேலும், கருவியின் கண் மனிதக் கண்ணினும் உயரத்தில் உள்ளது. ஜப்பானில் மதிலுக்கு அப்பாலும் தெரிகின்றது என முறையீடு எழவே, 2009ஆம் ஆண்டு அந்நிறுவனம் கருவியை 40 சென்டிமீட்டர் தாழ்த்தி மீண்டும் படமெடுக்க உடன்பட்டது. ஆகவே, வழிப்போக்கன் காண்பதும் கருவி காண்பதும் ஒன்றல்ல.

இந்தியாவில் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. 2022ஆம் ஆண்டு சென்னை உள்ளிட்ட 10 நகரங்களின் தெருக்கள் இணையத்தில் ஏறின. ஆதலின், இவ்வினா தமிழ்நாட்டின் தெருக்களுக்கும் உரியதாயிற்று.

மறைக்குமாறு ஒருவர் வேண்டினால், காரணம் கேளாது மறைத்தலே நேர்மை. இக்கடமை பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் இன்று படமெடுப்போரே. தோழன் வீட்டு விழாவில் எடுத்த படத்தில் அவ்வீட்டின் அறையும், கதவிலக்கமும், முற்றத்தில் விளையாடும் குழந்தையும் உடன் சேர்ந்துவிடும். அதனை உலகிற்குக் காட்டுமுன் அவ்வீட்டாரை ஒரு சொல் கேட்டல் வேண்டும். வாயிலில் நின்று குரல் கொடுத்தபின் உள்ளே நுழைவது எவ்வளவு எளிதோ, அவ்வளவு எளிது அது.