புத்தொழிலும் பட்டறை அறிவும்

புதியதொரு பொருளைச் செய்து விற்க முற்படும் சிறு நிறுவனம் முதலில் தேட வேண்டியது இயந்திரமா, பொருளா என்னும் வினா, 2016 ஜனவரியில் மத்திய அரசு புத்தொழில்களை ஊக்குவிக்கும் திட்டத்தைத் தொடங்கிய பின்னர் மிகுந்த முக்கியத்துவம் பெற்றுள்ளது. இதற்கு விடை காண விரும்புவோர் மும்பையிலுள்ள தாராவியை நோக்குதல் நலம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தோல் பதனிடும் தொழிலை வேரூன்றச் செய்தனர். பின்னாளில் பதனிடும் சாலைகள் பெரும்பாலும் இடம் பெயர்ந்தன. பை, பெல்ட், பணப்பை முதலியன தைக்கும் பட்டறைகள் நிலைத்தன. மகாராஷ்டிரத்தில் காளை, எருதுகளை அறுப்பதையும் தடை செய்யும் சட்டம் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது மாட்டுத்தோலின் வரத்துக் குன்றியது. கைவினைஞர் பலர் வேலையிழந்தனர்.

அந்நிலையில் சுதீர் ராஜ்பர் என்னும் கலைஞர் 'சமார் ஸ்டுடியோ' என்ற நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வடநாட்டில் தோல் தொழிலாளரைக் குறிப்பதும், இழிவாக வழங்கப்படுவதுமான சாதிப் பெயரையே அவர் பெருமைக்குரிய வணிகப் பெயராக ஏற்றார். கழிவு ரப்பரிலிருந்து செய்த தகடுகளைக் கொண்டு கைவினைஞரிடமே பைகளைச் செய்வித்தார். பழைய கைத்திறனைக் கைவிடாமல் மூலப்பொருளை மட்டும் மாற்றியதே இம்முயற்சியின் சிறப்பாகும்.

எனினும் மூலப்பொருளை மாற்றுவது எளிய காரியமன்று. தோல் என்பது நுண்ணிய நார்கள் பின்னிப் பிணைந்த வலை. ஊசித்துளையில் தொடங்கும் கிழிசலை அந்நார்கள் தடுத்து நிறுத்தும். ரப்பர்த் தகட்டிலோ சிறு வெட்டும் எளிதில் நீண்டு பரவக்கூடும். ஆகவே தையல் துளைகளின் இடைவெளியும் விளிம்பிலிருந்து அவற்றின் தூரமும் மாற வேண்டும். ஓரத்தைச் சீவி மடித்தால் தோல் படியும், ரப்பர் மீண்டெழும். பசை பிடிக்க மேற்பரப்பைச் சுரண்டிச் சொரசொரப்பாக்க வேண்டும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் சூட்டில் உருகாதாகையால், அதை உலோகம்போல் உருக்கி வார்க்கவும் இயலாது. மறுபுறம், தோலைப்போல் முதுகுக்கும் வயிற்றுக்கும் வேறுபடாமல் தகடு எங்கும் ஒரே சீராயிருப்பதால் அளவெடுத்து வெட்டுவதும் செலவைக் கணக்கிடுவதும் எளிது.

இவ்வுண்மைகளில் பலவற்றைக் கத்தி பிடிக்கும் கையே முதலில் கண்டுகொள்கிறது. ஆகையால் தொடக்க நிலையிலுள்ள நிறுவனம் கடன் பெற்றுப் பெரிய இயந்திரத்தை வாங்கிய பின்னர் அதற்கேற்ற பொருளைத் தேடுவது முறையன்று. பத்துப் பைகள் செய்து, பத்துப் பேரிடம் கொடுத்து, எங்கே அறுந்தது, எங்கே உரிந்தது என்று கேட்டறிந்து, ஒரு சமயத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து மீண்டும் பார்ப்பதே முறை. இரண்டை ஒருங்கே மாற்றினால் பயன் எதனால் விளைந்தது என்பது விளங்காது. ஒரே பொருள் பலமுறை மாறாமல் வெளிவந்த பின்னரே இயந்திரத்திற்குப் பணமிடலாம்.

சிறிய அளவில் செய்வதால் சோதனை வேண்டாமென்று சிலர் எண்ணுவர். அது பெரும் பிழை. பையில் மணலை நிரப்பிச் சில நாள் தொங்கவிட்டுப் பிடியின் தையலைப் பார்ப்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. அதைச் செய்யாமல் நூறு பைகளை அனுப்பி அவை திரும்பி வருமாயின், அந்நட்டம் முதலீட்டாளரைக் காட்டிலும் கைவினைஞர் குடும்பத்தையே கடுமையாகத் தாக்கும்.

இவ்விடத்தில் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் கடமையுண்டு. பட்டறையில் தீராத ஐயங்களைச் சென்னையில் 1948இல் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் போன்ற நிறுவனங்களுக்குக் கொண்டு செல்வதும், அங்குப் பெற்ற விடையைத் தொழிலாளரின் மொழியில் திருப்பித் தருவதும் களப்பணியாளரின் வேலை. செய்ததையும் தவறியதையும் நாள்தோறும் குறித்து வைக்கும் பழக்கத்தை மாணவரிடம் ஊன்றுவது ஆசிரியரின் வேலை. குறிப்பேட்டில் கண்டறிந்த கைவினைஞரின் பெயரும் இடம்பெற வேண்டும். அவருடைய அறிவால் வளர்ந்த நிறுவனம் அவருக்குக் கூலியை மட்டும் கொடுத்து நிறுத்திக்கொள்ளுமானால், அடுத்த நுட்பத்தை அவர் வெளியிடுவார் என எதிர்பார்ப்பதற்கில்லை.