பாடும் பெட்டியைப் பொம்மை ஆக்கலாமா?

கடைக்காரர் அந்த ரேடியோவை என் முன்னால் தூக்கி வைத்தார்.

பெரிய மரப்பெட்டி. முகப்பில் துணி. கீழே நான்கு குமிழ்கள். கண்ணாடியில் கொழும்பு, டில்லி, லண்டன் என்று ஊர்ப் பெயர்கள். அதற்கு வயது 60க்குக் குறையாது. ஆனாலும் மெருகு போட்டு, கல்யாணப் பெண் போல மினுமினுக்க வைத்திருந்தார்கள்.

"பாடுமா?" என்று கேட்டேன்.

"நன்றாகப் பாடும் சார். உங்கள் செல்போனில் இருந்து கம்பி இல்லாமலே பாடும்!" என்றார்.

பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். திடுக்கிட்டேன். உள்ளே காலி! வால்வு இல்லை. டிரான்ஸ்பார்மர் இல்லை. தட்டு போன்ற அந்தப் பெரிய ஒலிபெருக்கியும் இல்லை. நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு புளூடூத் ஸ்பீக்கரை ஒட்டி வைத்திருந்தார்கள்.

"உள்ளே இருந்ததெல்லாம் எங்கே?"

"எடைக்குப் போட்டாச்சு சார். செம்புக்கு நல்ல விலை இருக்கிறதே!"

அவரை நான் குறை சொல்லப் போவது இல்லை. ஏன் என்றால், அன்று நான் அந்தக் கடைக்குப் போனதே எங்கள் வீட்டு ரேடியோவையும் அப்படி மாற்றத்தான்!

தாத்தா வாங்கிய ரேடியோ

1962ல் எங்கள் தாத்தா ஒரு வால்வு ரேடியோ வாங்கினார். தெருவிலேயே அதுதான் முதல் ரேடியோவாம். மாலையில் திண்ணை நிறைந்து விடுமாம். அப்பத்தா இன்றும் பெருமையோடு சொல்லுவார்.

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்சு வேண்டும். தபால் ஆபீசில் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்த லைசென்சு ஒழிந்தது. மொட்டை மாடியில் இரண்டு கம்பம் நட்டு ஏரியல் கட்டுவார்கள். ஏரியல் தெரியும் வீடு கொஞ்சம் வசதியான வீடு என்று அர்த்தம்!

1952ல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைப் பெருமளவு குறைத்துவிட்டது. அமைச்சர் பி.வி.கேஸ்கருக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்கவில்லை. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். இலங்கை வானொலி வீட்டுக்கு வீடு பாடியது. 1957ல் விவித்பாரதி தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படிப் பாடிய ரேடியோ எங்கள் வீட்டில் எப்போதோ ஊமையாகிவிட்டது. டிரான்சிஸ்டர் வந்தது, டெலிவிஷன் வந்தது, ரேடியோ பரணுக்குப் போனது. ஆயுத பூஜை அன்று மட்டும் கீழே இறங்கும். துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்போம். மறுநாள் மீண்டும் பரண்.

போன ஆயுத பூஜைக்கு அப்பத்தா கேட்ட கேள்விதான் என்னைக் கடைக்குத் துரத்தியது.

"பாடாத பெட்டிக்குப் பொட்டு வச்சு என்னடா பண்றது?"

ஐந்து பேர் செய்யும் வேலை

காலிப் பெட்டியைப் பார்த்த பிறகு எனக்கு மனம் வரவில்லை. பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். வயது எழுபதைத் தாண்டியவர். ரேடியோவைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பிளக்கில் சொருகிப் பார்த்தீர்களா?" என்பது. "இல்லை" என்றேன். "பிழைத்தீர்கள்!" என்றார்.

அவர் பின்பக்க அட்டையைக் கழற்றினார். ஐந்து கண்ணாடி வால்வுகள் தூசியோடு நின்றன. ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி எனக்குப் பாடம் நடத்தினார்.

முதல் வால்வு, வானத்தில் வரும் நூறு அலைகளில் நமக்கு வேண்டியதைப் பிடித்து மாற்றிக் கொடுக்கும். இரண்டாவது அதைப் பெருக்கும். மூன்றாவது, அலையில் இருந்து குரலைத் தனியாகப் பிரிக்கும். நான்காவது, ஒலிபெருக்கியை ஆட்டும் பலத்தைக் கொடுக்கும். ஐந்தாவது, வீட்டு மின்சாரத்தை வாங்கிப் பக்குவப்படுத்தி மற்ற நால்வருக்கும் தீனி போடும். ஐந்தில் ஒருவர் படுத்தாலும் வீடு நடக்காது. ஆனால் படுத்தவரை மட்டும் கையால் பிடுங்கி, புதிதாக ஒருவரைச் சொருகி விடலாம். அதற்குத்தான் அடியில் குழிக் கால்கள் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு விஷயம் அங்கேதான் விளங்கியது. பழைய கருவிகள் மேல் உலகம் முழுவதும் சிலருக்கு இருக்கும் பைத்தியம், வெறும் பழங்காலப் பாசத்தால் வந்தது என்றே அதுவரை நினைத்திருந்தேன். செய்தவன் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். "கெட்டால் திறந்து பார், சரி செய்" என்பதற்கான கதவு அது.

ஸ்விண்டன் சக்கரம்

இந்தப் பைத்தியக்காரர்கள் தலையில் வைத்து ஆடும் கருவிகளைப் பாருங்கள்.

இங்கிலாந்தில் ஸ்விண்டன் என்று ஓர் ஊர். அங்கே காரர்ட் என்ற தொழிற்சாலை இருந்தது. அது 1954ல் 301 என்ற இசைத்தட்டுச் சுழலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கனமான அலுமினிய வார்ப்பு உடம்பு. மோட்டார் ஒரு ரப்பர் சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம் தட்டைச் சுற்றும். அவ்வளவுதான் சூட்சுமம். தொழிற்சாலை மூடி எத்தனையோ ஆண்டு ஆகிவிட்டது. சுழலி நிற்கவில்லை! எண்ணெய் போட்டு, ரப்பர் சக்கரத்தை மாற்றி, இன்றும் சுற்ற விடுகிறார்கள்.

அதே இங்கிலாந்தில் ஹன்டிங்டன் ஊரில் பீட்டர் வாக்கர் என்பவர் 1957ல் குவாட் ஒலிபெருக்கியை விற்கத் தொடங்கினார். பார்த்தால் குளிர்நாட்டு வீடுகளில் வைக்கும் கணப்பு அடுப்பு மாதிரி இருக்கும். அதில் காகிதக் கூம்பே கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று, ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தில் அதிர்ந்து பாடும்! மனிதக் குரலை இவ்வளவு சுத்தமாகச் சொன்ன கருவி அந்த நாளில் அரிது. 1985 வரை அதைச் செய்தார்கள். தாள் கெட்டால் வேறு தாள் போட்டுக் கொடுக்க இன்றும் ஆள் இருக்கிறது.

அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேல். டைனகோ என்ற கம்பெனி 1959ல் ஒரு வால்வு ஆம்பிளிபயரை உதிரி உதிரியாகவே விற்றது! உள்ளே எப்படிப் பூட்டுவது என்று ஒரு புத்தகம். அப்பாவும் பிள்ளையும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஈயப்பற்று வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். தன் கையால் பூட்டியவனுக்கு, கெட்டால் பிரிக்கப் பயம் இருக்குமா?

இப்போது நம் புளூடூத் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். விலை மலிவு. சத்தமும் நன்றாகவே இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது. ஆனால் உள்ளே பாட்டரி செத்தால் என்ன செய்வீர்கள்? பல சாமான்களில் திறக்க ஒரு திருகாணி கூடக் கிடையாது. பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். திறந்தால் உடையும். 60 ஆண்டு வாழ்ந்த பெட்டியின் குடலை உருவிவிட்டு, சில ஆண்டுகளில் சாகப்போகும் சாமானை அதன் வயிற்றில் வைக்கிறோம். இது என்ன கணக்கு?

தேன் குரலா?

"பழைய ரேடியோவின் குரல் தேன்! இந்தக் காலத்துச் சாமான் எல்லாம் தகரம்!" என்று சிலர் சத்தியம் செய்வார்கள். அதில் பாதிதான் உண்மை. மரப்பெட்டியும் பெரிய ஒலிபெருக்கியும் சேர்ந்து குரலுக்கு ஒரு கனம் கொடுக்கும். காதுக்கு இதமாக இருக்கும். ஆனால் மத்திய அலை ஒலிபரப்பில் தாளத்தின் ஜிலீர் சத்தம் முழுவதும் வராது. மழை இடித்தால் ரேடியோவும் இடிக்கும்.

கிராமபோனும் அப்படித்தான். அதில் ஒரு பக்கம் பாடி முடிந்ததும் எஃகு ஊசியை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தட்டைத் தின்றுவிடும். ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடப் பாட்டுதான். அந்த 78 சுற்றுத் தட்டு அரக்கால் ஆனது. நம் நாட்டுச் சோட்டா நாக்பூர் காடுகளில் பூச்சிகள் மரத்தில் கட்டும் அரக்கு, கப்பல் ஏறிப்போய் உலகத்துப் பாட்டை எல்லாம் சுமந்தது! கீழே விழுந்தால் அப்பளம் போல உடையும்.

கிராமபோன் என்றதும் ஓர் எச்சரிக்கை. சுற்றுலா ஊர்க் கடைகளில் பளபளக்கும் பித்தளைக் குழலோடு கிராமபோன் விற்கிறார்கள். எண்கோணப் பெட்டி, நாய்ப் படம் எல்லாம் இருக்கும். "வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு" என்பார்கள். இவற்றில் பெரும்பாலானவை அண்மையில் செய்தவை! எங்கோ கிடைத்த பழைய மோட்டாரைப் புதுப் பெட்டியில் மாட்டி, பழசு போல் நிறம் ஏற்றியிருப்பார்கள். வீட்டுக்கு அழகாக ஒரு பொம்மை வேண்டும் என்றால் பொம்மை விலை கொடுத்து வாங்குங்கள். பாட்டி காலத்து நீள இசைத்தட்டு வீட்டில் இருந்தால், அதை மட்டும் அதில் வைத்துவிடாதீர்கள். எஃகு ஊசி ஒரே தடவையில் உழுதுவிடும்.

தொடாதே, அபாயம்!

இனி முக்கியமான விஷயம். இதைப் படித்துவிட்டு, "நம் பரணிலும் ஒன்று இருக்கிறதே!" என்று யாரும் இன்று மாலையே அதைப் பிளக்கில் சொருக வேண்டாம்.

மெக்கானிக் என்னை, "பிழைத்தீர்கள்" என்றது ஏன்? பல ஆண்டு தூங்கிய ரேடியோவில் கண்டென்சர்கள் காய்ந்தோ, கசிந்தோ இருக்கும். முழு மின்சாரம் பாய்ந்தால் வெடிக்கலாம். நான்காவது வால்வு சிவக்கப் பழுத்து, டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடலாம். பிறகு உண்மையாகவே எடைக்குத்தான் போட வேண்டும்.

அதைவிட மோசமான சங்கதியும் உண்டு. சில பழைய ரேடியோக்களில் மின்சார டிரான்ஸ்பார்மரே கிடையாது. வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பி நேராக உள்ளே இருக்கும் இரும்புத் தட்டில் தொட்டுக்கொண்டு இருக்கும். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம். வால்வுகளுக்குப் போகும் மின்சாரம் 200 வோல்டுக்கும் மேலே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது கொஞ்ச நேரம் தங்கி இருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டு அல்ல.

எங்கள் மெக்கானிக் என்ன செய்தார் தெரியுமா? எலி கடித்த வயர்களை முதலில் மாற்றினார். காகிதக் கண்டென்சர்கள் அனைத்தையும் எடுத்துவிட்டுப் புதியவை வைத்தார். அறுந்த டயல் நூலைக் கட்டினார். பிறகு ஒரு குண்டு பல்பை நடுவில் போட்டு, அதன் வழியாக ரேடியோவுக்கு மின்சாரம் விட்டார். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளீர் என்று எரியும், ரேடியோ தப்பிக்கும். பல்பு மங்கலாகவே நின்றது. ஐந்து வால்வில் நான்கு பழையவையே. 1962ல் போட்டவையாகக் கூட இருக்கலாம் என்றார்.

அவர் வாங்கிய கூலி, பெட்டியைக் காலி செய்வதற்குக் கடைக்காரர் கேட்டதைவிடக் குறைவு! இந்த வேலை தெரிந்தவர்கள் இன்று எண்ணிக்கையில் குறைந்து வருகிறார்கள். அவர்களிடம் வேலை கற்கப் பையன்கள் வருவதும் இல்லை. ரேடியோவை வெறும் பொம்மையாகக் கேட்கும் நாமும் அதற்கு ஒரு காரணம்.

"பாடினால் மட்டும் என்ன? கேட்க நிலையம் எங்கே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சிற்றலை வெறிச்சோடி வருகிறது. லண்டன் தமிழோசைகூட 2017ல் நின்றுவிட்டது. மத்திய அலையில் நிலையங்கள் குறைவு.

ஆனால் பழைய ரேடியோவின் முதுகைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இரண்டு துளை இருக்கும். இசைத்தட்டுச் சுழலியைச் சேர்ப்பதற்காக அன்றே வைத்தது. டிரான்ஸ்பார்மர் உள்ள ரேடியோவாக இருந்தால், மெக்கானிக்கிடம் சொல்லி அதே துளையில் ஒரு வயர் போட்டு, செல்போனைச் சேர்த்துக்கொள்ளலாம். வால்வும் இருக்கும், செல்போன் பாட்டும் வரும். எதையும் எடைக்குப் போட வேண்டியது இல்லை. டிரான்ஸ்பார்மர் இல்லாத ரேடியோவில் மட்டும் இந்த வேலை கூடவே கூடாது.

ரேடியோ வீட்டுக்கு வந்த அன்று அப்பத்தாவை முன்னால் உட்கார வைத்துக் குமிழைத் திருகினேன். சத்தம் இல்லை. என் தங்கை மகள், "ரிப்பேரா மாமா?" என்றாள்.

"இருடி. அது சூடாகணும்," என்றார் அப்பத்தா.

அரை நிமிடம் ஆனது. கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு. வெந்த தூசியின் வாசனை. மெல்ல ஓர் உறுமல். நான் முள்ளைத் திருப்பப் போனேன். அப்பத்தா என் கையைத் தட்டிவிட்டு, தானே எழுந்து வந்து குமிழைப் பிடித்தார்.