கடைசிப் பாட்டு எது?

கர்னாடக இசைக் கச்சேரியில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் மங்களம் பாடி முடிப்பதுதான் வழக்கம். சௌராஷ்டிர ராகம் காதில் விழுந்ததுமே சபாவில் பாதிப் பேர் செருப்பைத் தேடக் கிளம்பிவிடுவார்கள். ராக் இசைக் குழுக்களுக்கு அப்படி ஒரு மங்களம் கிடையாது. எதைப் பாடி முடிப்பது என்று அவர்களேதான் முடிவு செய்ய வேண்டும்.

இது லேசான வேலை இல்லை. நடுவில் ஒரு பாட்டு சொதப்பினால் அடுத்த பாட்டில் சரிக்கட்டிவிடலாம். கடைசிப் பாட்டு சொதப்பினால், அந்த முகச்சுளிப்போடுதான் ஜனங்கள் வீட்டுக்குப் போவார்கள். ஓர் அனுபவத்தின் உச்சமும் முடிவும்தான் மனதில் அதிகம் தங்கும் என்பது உளவியலாளர் டேனியல் கானமன் சொன்னது.

அப்படியானால் பெரிய ஹிட் பாட்டைக் கடைசியில் வைத்துவிட வேண்டியதுதானே? ஹிட் என்றால் மட்டும் போதாது, கூட்டம் சேர்ந்து பாடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். 'குயின்' குழுவின் 'வீ ஆர் த சாம்பியன்ஸ்' வந்தது 1977-ல். 1985-ல் லண்டன் வெம்ப்ளியில் நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில் அவர்களுக்குக் கிடைத்தது சுமார் 20 நிமிடம்தான். அதையும் இந்தப் பாட்டோடுதான் முடித்தார்கள்.

தொண்டையும் ஒரு காரணம். 1963 பிப்ரவரி 11-ம் தேதி 'பீட்டில்ஸ்' ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தார்கள். 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' கடைசி. ஜான் லெனனுக்கு ஏற்கெனவே ஜலதோஷம். அடிவயிற்றிலிருந்து கத்திப் பாட வேண்டிய அதை முதலில் வைத்திருந்தால் மற்ற பாட்டுகளுக்குக் குரலே மிஞ்சியிருக்காது. அது ஸ்டுடியோ கணக்கு என்றாலும் மேடைக்கும் பொருந்தும்.

'யூ2' குழு கண்டுபிடித்த வழிதான் அழகு. எண்பதுகளில் அவர்களுடைய பல கச்சேரிகள் '40' என்ற பாட்டில் முடியும். கூட்டம் பல்லவியைப் பிடித்துக்கொண்டதும் பாடகர் போனோ மேடையை விட்டு இறங்குவார். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக. கடைசியில் டிரம்ஸ் வாசிக்கும் லாரி மல்லனும் போய்விடுவார். காலி மேடையைப் பார்த்தபடி ஜனங்கள் பாடிக்கொண்டே இருப்பார்கள்.

'ஒன்ஸ் மோர்' கேட்ட பிறகு வரும் பாட்டு ரசிகர்களுக்காகத் திடீரென்று பாடுவது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அதுவும் முன்கூட்டியே பட்டியலில் எழுதியிருப்பதுதான்!

எத்தனை திட்டம் போட்டாலும் கடிகாரம் விடுமா? 2012-ல் லண்டன் ஹைட் பார்க்கில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடினார்கள். அனுமதித்த நேரம் தாண்டியதால் மைக்கை அணைத்துவிட்டார்கள். இரண்டு ஜாம்பவான்களும் கூட்டத்துக்கு நன்றிகூடச் சொல்ல முடியவில்லை. அன்று அவர்கள் கடைசியாகப் பாடியது எது தெரியுமா? அதே 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'!

அடுத்த முறை கச்சேரிக்குப் போனால், பார்க்கிங் நெரிசலுக்குப் பயந்து முன்னதாகக் கிளம்பாதீர்கள். அவர்கள் அதிகம் யோசித்து வைத்த பாட்டைக் கேட்காமல் வந்துவிடுவீர்கள்.