தகட்டின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள்

திருச்சி – புதுக்கோட்டை சாலையோரப் பஞ்சர் கடைகளிலும் மாத்தூர் தொழிற்பேட்டைப் பக்கத்துப் பட்டறைகளிலும் பழைய ஏர் கம்ப்ரசர்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வாங்கியதும் எமரி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். அதோடு நேம் பிளேட்டும் மறைந்துபோகிறது. அந்தத் தகட்டில்தான் வரிசை எண்ணும் டேங்க் தாங்கும் அழுத்தமும் இருக்கின்றன. காற்றை அழுத்தும் ஹெட்டில் 1960இல் கோவையில் தொடங்கிய எல்ஜி கம்பெனியின் பெயர் இருக்கலாம். டேங்க் வேறெங்கோ அடித்ததாக இருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஹெட்டைப் பிழைக்க வைப்பது பெரிய காரியமில்லை. பெரிய சிலிண்டரும் சின்ன சிலிண்டரும் இருந்து, நடுவில் துடுப்பு வைத்த குழாய் ஓடினால் இரண்டு கட்டமாக அழுத்துகிற மெஷின். ரிங், வால்வு பிளேட், கேஸ்கெட் மாற்றி, இன்ஜின் ஆயில் ஊற்றாமல் கம்ப்ரசர் ஆயிலே ஊற்றினால் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

டேங்க் விஷயத்தில் மட்டும் தாட்சண்யமே கூடாது. காற்றிலுள்ள ஈரம் அடியில் தேங்கி, உள்ளிருந்தே டேங்க்கின் இரும்பை அரிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஓட்டைக்கு வெல்டிங் வைத்து ஓட்டுவது, பக்கத்தில் நிற்கிற பையனின் உயிரோடு விளையாடுவது. முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் அமுங்காது, டேங்க் விட்டுப்போனாலும் கசியும், வெடித்துச் சிதறாது. காற்றை ஏற்றிச் சோதித்தால் டேங்க் குண்டாகிவிடும். தேறாத டேங்க்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, புது டேங்க்கும் புது சேஃப்டி வால்வும் வாங்குங்கள். அந்தச் செலவில் கையை இழுத்துப் பிடிக்கவே கூடாது.